கொடி யாருடையது? சிலியின் இளைய தலைமுறையும் தேச அடையாளமும்

சிலி நாட்டில் செப்டம்பர் மாதம் வந்தால் ஒரு வார இடைவெளியில் இரண்டு நினைவுநாட்கள் வரும். 11-ஆம் தேதி, 1973-ல் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்த நாள். அன்று விமானப்படை லா மொனேதா என்ற ஜனாதிபதி மாளிகை மீதே குண்டு வீசியது. தேர்தலில் வென்று வந்த ஜனாதிபதி சல்வதோர் அயெந்தே மாளிகைக்குள்ளேயே இறந்தார். ஜெனரல் அகுஸ்தோ பினோசேயின் ஆட்சி தொடங்கி 1990 மார்ச் வரை நீடித்தது. ஆண்டுதோறும் அந்த நாளையொட்டி, கொல்லப்பட்டவர்களின் படங்களை ஏந்திக்கொண்டு தலைநகர் சாண்டியாகோவின் பொது மயானத்தை நோக்கி ஊர்வலம் போகும். இருட்டியதும் புறநகர்களில் டயர்கள் எரியும், போலீஸ் வண்டிகள் சுற்றும்.

அடுத்த வாரமே 18-ஆம் தேதி, தேசிய நாள். 1810-ல் ஸ்பெயினின் பிடியிலிருந்து விலகும் முதல் அடியாக உள்ளூர் ஆட்சிக்குழு அமைந்த நாள் அது. முறையான சுதந்திரப் பிரகடனம் வந்தது 1818 பிப்ரவரியில்தான், ஆனாலும் மக்கள் மனதில் நிற்பது செப்டம்பர் 18. ஊர் ஊருக்குக் கொட்டகை போட்டு, இறைச்சி சுட்டு, திராட்சையில் புளிக்கவைத்த சீச்சா குடித்து, மாட்டிறைச்சியும் வெங்காயமும் முட்டைத் துண்டும் வைத்த எம்பனாடா தின்று, குவேக்கா நடனம் ஆடுவார்கள். அன்றும் மறுநாளும் வீட்டு வாசலில் தேசியக் கொடி ஏற்றுவது சட்டப்படி கட்டாயம். ஏற்றாவிட்டால் அபராதம் விழலாம். மறுநாள் 19-ஆம் தேதி ராணுவத்தின் பெருமையைக் கொண்டாடும் நாள். ஓ'ஹிகின்ஸ் பூங்காவில் அணிவகுப்பு நடக்கும். எட்டு நாள் முன்பு யாருக்கு எதிராக ஊர்வலம் போனார்களோ, அதே ராணுவம்.

இன்று இருபது வயதில் இருக்கும் ஒரு சிலி இளைஞன் பிறந்தபோது பினோசே ஆட்சி முடிந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. குண்டுவீச்சையும் ஊரடங்கையும் அவன் பாட்டியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவன். ஆனால் இந்த இரண்டு நினைவுநாட்களும் அவனுடைய நாட்காட்டியில் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கின்றன. தேசம் என்றால் என்ன என்ற கேள்விக்கு அவன் பதில் தேடுவது இந்த இரண்டுக்கும் நடுவில்.

2019-ல் சாண்டியாகோ தெருக்களில் சிலைகள் மீது ஏறி நின்ற, சில ஊர்களில் அவற்றைக் கயிறு கட்டி இழுத்துத் தள்ளிய இளைஞர்களைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு, இந்தத் தலைமுறைக்குத் தேசம் என்ற எண்ணமே கசந்துவிட்டது என்று தோன்றியிருக்கலாம். எனக்கு அப்படிப் படவில்லை. சிலி இளைஞர்களின் தேச உணர்வு கெட்டியாகவே இருக்கிறது. அவர்கள் நடத்துவது ஒரு பங்காளி வழக்கு. வீடு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, வீட்டில் யாருக்கெல்லாம் பங்கு என்பதில்தான் தகராறு.

முதலில், தகராறே இல்லாத பகுதியைப் பார்த்துவிடலாம். அது தினசரி வாழ்க்கை. சாயங்காலம் ஆறு, ஏழு மணிக்கு ரொட்டியும் தேநீரும் வைத்து உட்காரும் பழக்கம், அந்த மேசையில் மராக்கெத்தா என்ற மொறுமொறு ரொட்டி, அதன் மேல் மசித்த அவகாடோ. வேகமாக, கடைசி எழுத்துகளை விழுங்கிப் பேசும் ஸ்பானிய மொழி. மற்ற லத்தீன் அமெரிக்கர்கள் புரியவில்லை என்று சொன்னால் சிலிக்காரர்கள் வெட்கப்படுவதும் உண்டு, பெருமைப்படுவதும் உண்டு. இளையவர்கள் பெருமைப்படும் பக்கம் சாய்கிறார்கள். ரெகேத்தோன் என்ற லத்தீன் அமெரிக்க நடன இசையைப் பாடும் இன்றைய சிலிப் பாடகர்கள் அந்த உள்ளூர்ப் பேச்சை மறைக்காமல் அப்படியே பாடுகிறார்கள்.

அப்புறம் நிலநடுக்கம். 1960-ல் வல்திவியாவை உலுக்கிய 9.5 அளவு நடுக்கம்தான் இதுவரை உலகில் கருவிகள் பதிவு செய்தவற்றில் மிகப் பெரியது. 2010 பிப்ரவரி 27 அதிகாலையில் 8.8 அளவில் இன்னொன்று வந்து, பின்னாலேயே கடலும் ஏறி வந்தது. 500-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெல்லுவே என்ற கடலோர ஊரில், இடிபாடுகளுக்கு நடுவே சேறு படிந்து கிழிந்த தேசியக் கொடியை ஒரு மனிதர் விரித்துப் பிடித்து நிற்கும் புகைப்படம் அன்றைய சிலியின் முகமாகவே ஆகிவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் கோப்பியாப்போவுக்கு அருகே சான் ஹோசே சுரங்கத்தில் 33 தொழிலாளர்கள் சிக்கி, 69 நாட்களுக்குப் பிறகு உயிரோடு மேலே வந்தார்கள். இப்போது இருபதுகளில் இருப்பவர்களுக்குச் சிறு வயதில் மனதில் பதிந்த தேசம் இதுதான். பூமி ஆடினால் எல்லோரும் ஒன்றாக நிற்கும் இடம். அதில் இடதும் இல்லை, வலதும் இல்லை.

ஆனால் பூமி ஆடாத நாட்களில் என்ன செய்வது? அங்கேதான் சிக்கல்.

குவேக்காவின் கதையை எடுத்துக்கொண்டால் அது தெளிவாகத் தெரியும். கையில் கைக்குட்டையைச் சுழற்றிக்கொண்டு ஆணும் பெண்ணும் ஜோடியாக ஆடும் நாட்டுப்புற நடனம் அது. ராணுவ ஆட்சி 1979-ல் ஆணை போட்டு இதைத் தேசிய நடனமாக அறிவித்தது. அந்த ஆட்சி விரும்பியது பண்ணையார் உடுப்பும் தொப்பியும் பூட்ஸும் போட்ட, சுத்தமாகத் துவைத்து இஸ்திரி போட்ட குவேக்காவை. ஆனால் அதற்கு ஓராண்டு முன்பே, 1978 மார்ச் 8, பெண்கள் தினத்தன்று, சாண்டியாகோவின் கௌபோலிக்கான் அரங்கில் வேறொரு குவேக்கா ஆடப்பட்டுவிட்டது. கைது செய்யப்பட்டுக் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் மனைவியரும் தாய்மாரும் அதை ஆடினார்கள். மார்பில் காணாமல் போனவரின் படத்தைக் குத்திக்கொண்டு, எதிரில் ஜோடி இல்லாமல் ஒரு பெண் தனியாக ஆடினாள். ஜோடி நிற்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. பினோசே ஆட்சியில் 3,000-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் ஆக்கப்பட்டார்கள். அவர்களில் ஆயிரத்துக்கும் அதிகமானவர்களின் கதி இன்றுவரை குடும்பங்களுக்குத் தெரியாது. அரசே முன்னின்று அவர்களைத் தேடும் தேசியத் திட்டம் தொடங்கியது 2023-ல்தான், கவிழ்ப்பு நடந்து ஐம்பது ஆண்டுகள் ஆன பிறகு.

ஆக ஒரே நடனத்துக்கு இரண்டு சொந்தக்காரர்கள். ஆட்சி ஜனநாயகத்துக்குத் திரும்பிய பின் வளர்ந்த பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு செப்டம்பரிலும் பண்ணையார் உடுப்பு போட்டு குவேக்கா ஆடினார்கள். பலருக்கு அது ராணுவ வாடை அடிக்கும் ஒரு கட்டாயப் பாடமாகவே இருந்தது. 2000-களில் சில இளைஞர்கள் சந்தைகளிலும் துறைமுகங்களிலும் சாராயக் கடைகளிலும் வளர்ந்த பழைய நகரத்துக் குவேக்காவைத் தேடிப் போனார்கள். முரட்டுக் குரலில், மேசையைத் தட்டித் தாளம் போட்டுப் பாடும் வகை அது. வயதான பாடகர்களிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள். இன்று வால்பரைசோவிலும் சாண்டியாகோவிலும் வெள்ளிக்கிழமை இரவில் ஜீன்ஸ் போட்ட இருபது வயதுக்காரர்கள் ஆடுவது இந்தக் குவேக்காவைத்தான். அரசாணை மூலம் வந்ததை ஒதுக்கிவிட்டு, அதே பொருளை வேறு வாசல் வழியாக வீட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். சிலி இளைஞர்கள் தேச அடையாளங்களோடு நடந்துகொள்ளும் விதத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

தேசிய கீதத்துக்கும் இதே கதை உண்டு. ராணுவ ஆட்சி, வீரர்களைப் புகழும் ஒரு சரணத்தையும் சேர்த்துப் பாட வைத்தது. 1990-ல் ஜனநாயகம் திரும்பியதும் அந்தச் சரணத்தை விட்டுவிட்டார்கள். தாத்தா எந்தச் சரணம் வரை பாடுகிறார் என்பதை வைத்தே பேரன் அவருடைய அரசியலைக் கண்டுபிடித்துவிடலாம்.

பினோசேக்குப் பிறகு வந்த அரசுகள் வேறொரு தேச அடையாளத்தைக் கட்டப் பார்த்தன. 1992-ல் ஸ்பெயினின் செவிய்யா நகரில் உலகக் கண்காட்சி நடந்தது. சிலி தன் அரங்கில் வைத்தது அண்டார்க்டிக் கடலிலிருந்து வெட்டிக் கப்பலில் கொண்டுபோன உண்மையான பனிப்பாறையை. நாங்கள் வெயிலில் சோம்பும் லத்தீன் அமெரிக்கா இல்லை, குளிர்ச்சியானவர்கள், ஒழுங்கானவர்கள், நம்பி முதலீடு செய்யலாம் என்பதுதான் அதன் செய்தி. செம்பு விலையும் தாராளமயமும் சேர்ந்து நாட்டை வளர்த்ததும் உண்மை. வறுமை பெரிய அளவில் குறைந்தது. 2010-ல் வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடி-யில் தென் அமெரிக்காவிலிருந்து முதலில் இடம்பெற்ற நாடு சிலி.

ஆனால் அந்தப் பனிப்பாறைக்குள் எல்லோருக்கும் இடம் இல்லை. பல்கலைக்கழகக் கட்டணம் குடும்பங்களைக் கடனில் தள்ளியது. ஓய்வூதியம் தனியார் நிதி நிறுவனங்களின் கையில். பணம் இருப்பவருக்கு ஒரு மருத்துவமனை, இல்லாதவருக்கு வேறு. சாண்டியாகோவில் இரண்டு பேர் அறிமுகமானால் சீக்கிரமே வந்துவிடும் கேள்வி, எந்தப் பள்ளியில் படித்தாய் என்பது. பதிலிலேயே அவன் மலையடிவாரத்துப் பணக்கார விட்டகூராவா, தெற்கே இருக்கும் லா பிந்தானாவா என்று விளங்கிவிடும். ஒரே கொடிக்குக் கீழே வாழும் இருவர் வாழ்நாள் முழுக்க ஒருவரையொருவர் சந்திக்காமலே இருந்துவிட முடியும். இளையவர்களின் கோபம் இங்கேதான் மூண்டது. 2006-ல் பள்ளி மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். கருநீல, வெள்ளைச் சீருடையைப் பார்த்து ஊர் அவர்களைப் பெங்குவின்கள் என்று அழைத்தது. 2011-ல் பல்கலைக்கழக மாணவர்களின் முறை. அந்தப் போராட்டத் தலைவர்களில் ஒருவரான காப்ரியேல் போரிச் பத்தே ஆண்டில், 35 வயதில், ஜனாதிபதித் தேர்தலில் வென்றார்.

அதற்கு முன் 2019 அக்டோபர். மெட்ரோ ரயிலின் நெரிசல் நேரக் கட்டணம் 30 பெசோ ஏறியது, 800-லிருந்து 830. பள்ளி மாணவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து டிக்கெட் வாங்காமல் தடுப்புகளைத் தாண்டிக் குதித்தார்கள். 18-ஆம் தேதி இரவு நகரம் பற்றிக்கொண்டது. ‘30 பெசோ இல்லை, 30 ஆண்டுகள்’ என்பது எல்லோர் வாயிலும் இருந்த முழக்கம். ஜனநாயகம் திரும்பிய பிறகு கழிந்த ஆண்டுகளைத்தான் அது சொன்னது. 25-ஆம் தேதி சாண்டியாகோவில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடினார்கள். அந்த வாரங்களில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். போலீஸ் சுட்ட ரவைகளாலும் கண்ணீர்ப்புகைக் குண்டுகளாலும் நூற்றுக்கணக்கானோரின் கண்கள் காயம்பட்டன, சிலருக்குப் பார்வையே போனது.

அந்தக் கூட்டத்தில் பறந்த கொடிகளை உற்றுப் பார்த்தால் நிறைய புரியும். சிலியின் தேசியக் கொடி எங்கும் இருந்தது. அதைத் தூக்கியவர்கள் அரசை எதிர்த்தவர்கள். சிவப்பும் நீலமும் நீக்கி, கறுப்புத் துணியில் வெள்ளை நட்சத்திரம் மட்டும் வைத்த துக்கக் கொடியும் இருந்தது. கொடியை வெறுப்பவன் அதைக் கறுப்பில் தைத்துத் தோளில் போட்டுக்கொள்ள மாட்டான். மூன்றாவதாக மாப்புச்சே பழங்குடியினரின் கொடி. அன்று மாலை பாக்கெடானோ சதுக்கத்தில், ஜெனரல் பாக்கெடானோ குதிரைமேல் இருக்கும் சிலை முழுக்க இளைஞர்கள் ஏறி நிற்க, உச்சியில் ஒருவர் அந்த மாப்புச்சே கொடியை உயர்த்திப் பிடித்தார். பின்னால் புகையும் அந்திச் சிவப்பும். நடிகை சுசானா இதால்கோ தன் கைபேசியில் எடுத்த அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. பாக்கெடானோ யார்? 1879 முதல் 1884 வரை பெருவையும் பொலிவியாவையும் எதிர்த்து நடந்த பசிபிக் போரில் சிலிப் படையை நடத்திய தளபதி. பள்ளிப் புத்தகத்துத் தேசத்தின் தலைமேல், பள்ளிப் புத்தகம் ஓரத்தில் தள்ளிய மக்களின் கொடி. சிலை பின்னர் 2021 மார்ச்சில் அங்கிருந்து அகற்றப்பட்டது.

மாப்புச்சேக்கள் சிலியின் பழங்குடிகளில் மிகப் பெரிய இனம். 2017 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 17 லட்சம் பேர் தங்களை மாப்புச்சே என்று பதிந்தார்கள். ஸ்பானியர்களால் முழுதாக அடக்க முடியாமல் இருந்த அவர்களின் மண்ணை, சுதந்திரமடைந்த சிலிக் குடியரசுதான் 1861 முதல் 1883 வரை படை நடத்திப் பிடித்தது. அதன்பின் மிஞ்சியது துண்டு துண்டான ஒதுக்கு நிலம். நகரத்துக்கு வந்தவர்களுக்கு வீட்டு வேலை, பேக்கரி வேலை. பெயரைக் கேட்டதும் வகுப்பில் சிரிப்பார்கள் என்பதால் பல பெற்றோர் பிள்ளைகளுக்குத் தாய்மொழியான மாப்புதுங்குனைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டார்கள். இன்று மாப்புச்சேக்கள் அதிக எண்ணிக்கையில் வாழ்வது தெற்கின் காடுகளில் அல்ல, சாண்டியாகோ பெருநகரப் பகுதியில். அங்கே பிறந்த மூன்றாம் தலைமுறைதான் பாட்டி மறைத்த குடும்பப் பெயரை இப்போது பெருமையோடு எழுதுகிறது, மாலை வகுப்பில் மொழியைப் படிக்கிறது. 2021 முதல் பழங்குடிகள் தினம் அரசு விடுமுறை. ஆனால் தெற்கே அராவுகானியாவில் நிலத் தகராறும் தீவைப்பும் தொடர்கின்றன. 2018 நவம்பரில் கமிலோ கத்ரியான்கா என்ற 24 வயது மாப்புச்சே இளைஞர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்டார். 2022 மே மாதத்தில் அங்கே நெருக்கடி நிலையை அறிவித்தது வேறு யாரும் இல்லை, மாணவர் தலைவராக இருந்த போரிச்சின் அரசுதான்.

இனி வருவது இந்தக் கதையின் மிகக் கடினமான பகுதி. 2020 அக்டோபரில், பினோசே காலத்து 1980 அரசியல் சட்டத்துக்குப் பதிலாகப் புதியது எழுத வேண்டுமா என்று மக்களிடம் கேட்டபோது 78 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். அதை எழுத 155 பேர் கொண்ட அவை, அதில் 17 இடம் பழங்குடிகளுக்கு, ஆண் பெண் சம எண்ணிக்கை. 2021 ஜூலை 4 அன்று அவை கூடியது. மாப்புச்சே மொழியியலாளர் எலிசா லோன்கோன் தலைவராகத் தேர்வாகி, முதலில் தன் தாய்மொழியில் பேசினார். பலர் நெகிழ்ந்துபோனார்கள். ஆனால் அதே நாள் காலை, இளையோர் இசைக்குழு தேசிய கீதம் இசைத்தபோது உறுப்பினர்கள் சிலர் கூச்சல் போட்டு இடைமறித்தார்கள். அதுவும் தொலைக்காட்சியில் போனது.

அவை எழுதிய வரைவு சிலியைப் பல தேசிய இனங்களின் நாடு என்று முதல் பிரிவிலேயே அறிவித்தது. வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பு வால்பரைசோவில் ஆதரவாளர்கள் நடத்திய கூட்டத்தில் ஒரு கலைக்குழு தேசியக் கொடியை ஆபாசமாகப் பயன்படுத்தியது. ஆதரவுத் தரப்பே பதறிப்போய் மன்னிப்புக் கேட்டது. 2022 செப்டம்பர் 4 அன்று சுமார் 62 சதவீதம் பேர் வரைவை நிராகரித்தார்கள், நாட்டின் 16 மாகாணங்களிலும். மாப்புச்சேக்கள் அதிகம் வாழும் அராவுகானியாவிலேயே எதிர்ப்பு வாக்கு ஏறத்தாழ 74 சதவீதம்.

இதற்குக் காரணம் ஒன்றல்ல. வீட்டைப் பறித்துக்கொள்வார்கள் என்ற பொய்ப் பிரசாரம் பரவியது. வரைவு 388 பிரிவுகளோடு மிக நீளமாக இருந்தது. பொருளாதாரமும் சரியில்லை. முக்கியமான இன்னொன்று, 2020-ல் விருப்ப வாக்கு, சுமார் 75 லட்சம் பேர் வந்தார்கள். 2022-ல் கட்டாய வாக்கு, 1.3 கோடிப் பேர். அரசியல் கூட்டங்களுக்கு வராத, வருடாவருடம் வாசலில் கொடி ஏற்றுகிற சிலி அன்று வாக்குச்சாவடிக்கு வந்தது. 2019-ல் தெருவில் நின்ற இளைஞர்கள், தங்கள் தேசம்தான் முழுத் தேசம் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை அவர்களை ஏமாற்றியது. கொடி தங்களிடமிருந்து பறிபோகிறது என்று பயந்தவர்களில் ஏழைகளும் இருந்தார்கள், மாப்புச்சேக்களும் இருந்தார்கள், இளைஞர்களும் இருந்தார்கள். அடுத்த ஆண்டு வலதுசாரிகள் தங்கள் விருப்பப்படி இன்னொரு வரைவு எழுதினார்கள். 2023 டிசம்பரில் அதையும் மக்கள் சுமார் 56 சதவீத வாக்கில் தள்ளினார்கள். ஒரே தேசத்தின் இரண்டு படங்களை இரு தரப்பும் வரைந்து காட்டிவிட்டன, இரண்டிலும் பெரும்பான்மை தன் முகத்தைக் காணவில்லை. திருத்தங்களோடு 1980 சட்டம் அப்படியே இருக்கிறது. பழங்குடி மக்களுக்கு அதில் இன்றும் அங்கீகாரம் இல்லை.

தேசத்தின் நாயகர்கள் யார் என்பதிலும் இதே வழக்கு நடக்கிறது. இதில் தமிழர்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் உண்டு. பாப்லோ நெரூடாவைத் தமிழில் படித்து வளர்ந்தவர்கள் நம்மில் ஏராளம். அவர் 1929-ல் கொழும்பில் சிலியின் தூதரக அதிகாரியாக இருந்தார். தன் வீட்டுக் கழிப்பறையைச் சுத்தம் செய்ய வந்த, ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த ஒரு தமிழ்ப் பெண்ணைத் தான் வன்புணர்ந்ததை அவரே நினைவுக் குறிப்பில் எழுதினார். அவர் இறந்த மறு ஆண்டு, 1974-ல், அது புத்தகமாக வந்தது. சிலியில் நீண்ட காலம் அந்தப் பக்கத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. 2018-ல் சாண்டியாகோ விமான நிலையத்துக்கு நெரூடாவின் பெயரை வைக்க நாடாளுமன்றக் குழு ஒன்று ஒப்புதல் கொடுத்தபோது, மாணவிகளும் பெண்கள் அமைப்புகளும் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டி எதிர்த்தார்கள். பல்கலைக்கழகங்களில் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிராகப் பெண்கள் வளாகங்களைக் கைப்பற்றிப் போராடிய ஆண்டு அது. பெயர் மாற்றம் நின்றுபோனது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் பெயர்கூடப் பதியப்படாமல் போன ஒரு தமிழ்ப் பெண்ணுக்காக உலகின் மறுகோடியில் இருபது வயதுப் பெண்கள் தங்கள் தேசிய கவியை எதிர்த்து நின்றார்கள். நாம் இதை இன்னும் கூடுதலாகப் பேசியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நெரூடாவின் இடத்துக்கு அவர்கள் முன்னிறுத்துவது கப்ரியேலா மிஸ்ட்ரலை. லத்தீன் அமெரிக்காவின் முதல் இலக்கிய நோபல், 1945-ல், அவருடையது. ராணுவ ஆட்சி அவரைக் குழந்தைப் பாட்டு எழுதிய சாதுவான டீச்சராக மட்டும் காட்டியது. 5,000 பெசோ நோட்டிலும் அவர்தான். இன்று சாண்டியாகோ சுவர்களில் பெண்ணுரிமைப் போராட்டத்தின் பச்சைக் கைக்குட்டையோடு அவரை வரைகிறார்கள். குவேக்காவுக்கு நடந்ததுதான் இங்கேயும்.

இதுவரை சொன்னதெல்லாம் சிலியில் பல தலைமுறையாக இருப்பவர்களுக்குள் நடக்கும் வழக்கு. இப்போது வாசலில் புதியவர்கள் நிற்கிறார்கள். 2017 கணக்கெடுப்பில் வெளிநாட்டில் பிறந்தவர்கள் 4.4 சதவீதம். 2024-ல் 8.8 சதவீதம், சுமார் 16 லட்சம் பேர். பெரும் பங்கு வெனிசுவேலாவிலிருந்து வந்தவர்கள், அப்புறம் பெரு, கொலம்பியா, ஹைத்தி, பொலிவியா. இத்தனை குறுகிய காலத்தில் இவ்வளவு பேர் வந்ததை அந்த நாடு முன்பு கண்டதில்லை. 2021 செப்டம்பரில் வடக்கே இக்கிக்கே நகரில் குடியேறிகளுக்கு எதிராக ஊர்வலம் போனவர்கள், தெருவில் தங்கியிருந்த குடும்பங்களின் கூடாரங்களையும் பொருட்களையும் குவித்து எரித்தார்கள். குற்றங்கள் பற்றிய பயமும் சேர்ந்தது, அதில் நிஜமும் உண்டு. 2025 டிசம்பரில் எல்லையை மூடுவேன், சட்டவிரோதமாக வந்தவர்களை வெளியேற்றுவேன் என்று சொன்ன ஹோசே அந்தோனியோ காஸ்ட் சுமார் 58 சதவீத வாக்குகளோடு ஜனாதிபதியாகத் தேர்வானார்.

காஸ்ட்டின் பெற்றோர் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள். போரிச்சின் முன்னோர்கள் குரோவேஷியாவிலிருந்து தென்கோடிக்கு வந்தவர்கள். அரபு நாடுகளுக்கு வெளியே மிகப் பெரிய பாலஸ்தீனச் சமூகம் சிலியில்தான் இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் ‘துருக்கியன்’ என்று ஏளனம் செய்யப்பட்ட அவர்களின் பெயரில் 1920-ல் தொடங்கிய பாலஸ்தீனோ கால்பந்து கிளப் இன்று முதல் டிவிஷனில் ஆடுகிறது. இவர்களில் யாரையும் நீ நிஜமான சிலிக்காரனா என்று இன்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வி கறுப்பு நிறம் கொண்ட ஹைத்திக் குழந்தைக்கு மட்டும் மிச்சம் வைத்திருக்கிறார்கள். இதைச் சொல்லாமல் சிலியின் அடையாளத்தைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது.

கால்பந்து மைதானத்தில் இதற்கு எப்போதோ பதில் கிடைத்துவிட்டது. ஜான் பொசெஜூரின் அப்பா ஹைத்திக்காரர், அம்மா மாப்புச்சே. 2010, 2014 இரண்டு உலகக் கோப்பைகளிலும் அவர் சிலிக்காகக் கோல் போட்டார். 2015-ல் சாண்டியாகோ தேசிய மைதானத்தில் அர்ஜென்டினாவை வென்று சிலி முதன்முதலாக, தென் அமெரிக்கக் கால்பந்துக் கோப்பையான கோப்பா அமெரிக்காவை எடுத்தபோதும் களத்தில் இருந்தார். அந்த மைதானத்தை 1973-ல் ராணுவம் சிறையாகவும் சித்திரவதைக் கூடமாகவும் பயன்படுத்தியது. அதன் நினைவாகப் பழைய மரப் பலகை இருக்கைகளை ஒரு பகுதியில் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். ஆட்டம் எவ்வளவு நிரம்பி வழிந்தாலும் அங்கே யாரும் உட்காருவதில்லை.

சிலி மண்ணில் பிறப்பவர் சிலிக் குடிமகன் என்பதுதான் அந்த நாட்டின் அடிப்படை விதி. ஆனால் ஆவணம் இல்லாத பெற்றோரின் பிள்ளைகளை, வழிப்போக்கர்களாக வந்து தங்கிய வெளிநாட்டாரின் பிள்ளைகள் என்று எழுதி, பல ஆண்டுகள் குடியுரிமை தராமல் வைத்திருந்தார்கள். நீதிமன்றத் தீர்ப்புகள் அந்த வழக்கத்தை மாற்றின. சாண்டியாகோவின் கிலிகூராவிலும் எஸ்தசியோன் சென்ட்ரலிலும் பிறந்த ஹைத்தி, வெனிசுவேலாப் பெற்றோரின் பிள்ளைகள் இப்போது அரசுப் பள்ளிகளில் படிக்கிறார்கள். 2010-களின் பிற்பகுதியில் பிறந்தவர்கள் 2030-களின் நடுவில் பதினெட்டைத் தொடுவார்கள். சிலியில் வாக்களிப்பது மறுபடியும் கட்டாயமாகிவிட்டது. இந்த நாடு யாருடையது என்று அடுத்த முறை வாக்குச்சீட்டில் கேள்வி வரும்போது, அவர்களும் பதில் எழுதியாக வேண்டும்.